வெறுங்கையோடு வராதவன்

அன்செல்மோ இருபத்திரண்டு வருடமாக நாகாவுக்கும் மணிலாவுக்கும் இடையே பஸ் ஓட்டுகிறான். இந்த வருடத்துக்கு முன்புவரை ஒரு தடவைகூட அவன் வெறுங்கையோடு வீட்டுக்குள் நுழைந்ததில்லை. புயலில் பாலம் போய், ஒன்றரை நாள் ரோட்டிலேயே கிடந்துவிட்டு வந்தபோதும், நனைந்து நைந்துபோன பொட்டலம் ஒன்று அவன் கக்கத்தில் இருந்தது. வெளியூர் போய்த் திரும்புகிறவன் கையில் பசலுபோங், அதாவது வீட்டுக்கென்று வாங்கி வரும் பண்டம், இல்லாவிட்டால் எங்கள் பக்கம் அவனை மனிதனாகவே சேர்க்க மாட்டார்கள். போன இடத்திலும் உன் நினைப்பாகவே இருந்தேன் என்று வாயால் சொல்லக் கூச்சப்படுகிற ஜனங்கள் நாங்கள். அதை ஒரு பொட்டலத்தில் கட்டிக் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிடுவோம்.

அன்செல்மோவை ஊரில் செல்மோ என்பார்கள். அவனுக்குக் கூச்சம் கொஞ்சம் அதிகம். அதனால் பொட்டலமும் பெரிது. சான் பாப்லோவில் பஸ் நின்றால் அலிங் தோயாங், அதாவது தோயாங் அக்கா, கடை இளந்தேங்காய் அடை இரண்டு பெட்டி கட்டாயம். வழுக்கைத் தேங்காயை மாவுக்குள் பொதிந்து அடுப்பில் சுட்டது, ஓரம் சிவந்து மொறுமொறுவென்று இருக்கும். அதற்கு மேல் பருவத்துக்கு ஏற்றபடி பழமோ, வாழைக்காய் வறுவலோ. எல்லாம் அவன் மனைவி ரெமெதியோஸுக்கு. ஊருக்கு அவள் மெதிங்.

மகள் கல்யாணமாகி செபுவுக்குப் போன பிறகு வீட்டில் இரண்டே பேர். செல்மோ வந்ததும் மெதிங் பெட்டியைத் திறந்து, முதலில் ஓரத்தை ஒடித்து வாயில் போட்டுக்கொண்டு, "சொல்லு" என்பாள். பஸ் ஸ்டாண்டில் நாலு வார்த்தைக்கு மேல் பேசாத மனிதன் அப்போது பேச ஆரம்பிப்பான். பின் சீட்டில் சண்டைச் சேவலுக்கும் டிக்கெட் கேட்டவன், அட்டிமோனன் மலை வளைவில் ஜெபமாலையை எடுத்த கன்னியாஸ்திரி, இறங்க வேண்டிய ஊர் தாண்டித் தூங்கிப்போன கல்யாண மாப்பிள்ளை. பெட்டி காலியாகும்வரை கதை ஓடும். பெட்டி காலியானால் கதையும் முடிந்தது, அவன் படுக்கப் போய்விடுவான்.

மெதிங் நூற்று நாற்பத்தொரு கிலோ இருந்தாள். சர்க்கரை ஏறி, முழங்கால் இரண்டும் வேலைநிறுத்தம் செய்து, கக்கூஸுக்குப் போய்வருவதே ஒரு பிரயாணம் என்று ஆனபோது, மணிலா டாக்டர் வயிற்றைச் சுருக்கிவிடலாம் என்றார். ஜனவரியில் அறுவை நடந்தது. மைத்துனனின் வேனில் பின் சீட்டில் படுக்க வைத்துத்தான் அவளைக் கொண்டுபோனார்கள். திரும்பி வரும்போது அவளுக்கு மிச்சமிருந்த வயிறு ஒரு கோழிமுட்டை அளவு.

முதல் இரண்டு வாரம் வெறும் தண்ணிச் சாறு. பிறகு அரைத்த கூழ். பிறகு குழந்தைக்கு ஊட்டுகிற சின்ன ஸ்பூனால் மீனும் முட்டையும். ஒவ்வொரு வாயையும் முப்பது தடவை மெல்ல வேண்டும், சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது. மூன்று ஸ்பூனில் "போதும்" என்பாள். நிஜமாகவே போதும். ஊரே வியர்த்துக் கொட்டும் ஏப்ரல் மாதத்தில் அவளுக்குக் குளிரெடுத்தது. சீப்பில் முடி கொத்துக் கொத்தாக வந்தது. மோதிரம் பாத்திரம் கழுவும் தொட்டியில் நழுவி விழுந்தது. ஆனால் சர்க்கரை இறங்கியது. ஒருநாள் அவளே கேட்வரைக்கும் நடந்துவந்து நின்றாள். செல்மோ அதைப் பார்த்துவிட்டு, பைக்கை நிறுத்த மறந்து பக்கத்து வீடுவரை போய்த் திரும்பினான்.

எல்லாம் நல்லதுதான். ஆனால் அவன் கையில் என்ன கொண்டுபோவது?

அடை கூடாது, இனிப்பு கூடாது, வறுவல் கூடாது. முதல் தடவை ஒரு ஜோடி செருப்பு வாங்கினான். அவளுடைய பழைய அளவு. உடம்பு இளைத்தால் பாதமும் இளைக்கும் என்று இவனுக்கு யார் சொன்னார்கள்? செருப்பு படகு போல நின்றது. அடுத்த தடவை துடைப்பம். நல்ல துடைப்பம்தான், மலைப்புல்லில் கட்டியது. அதற்கடுத்து குடை, சுவர்க் கடிகாரம், தலையணை, மறுபடி துடைப்பம். மே மாதக் கடைசியில் வீட்டில் நாலு துடைப்பமும் இரண்டு கடிகாரமும் இருந்தன. மெதிங் ஒவ்வொன்றையும் "நல்லா இருக்கு" என்று வாங்கி அதனதன் இடத்தில் வைத்தாள். துடைப்பத்தை ஓரமாக ஒடித்து வாயில் போட்டுக்கொண்டு ஒருத்தி "சொல்லு" என்று சொல்ல முடியுமா? இரண்டு நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிடும். அவன் படுக்கப் போவான்.

ஜூனில் ஒருநாள் அவனுக்குத் தாங்கவில்லை. தோயாங் கடையில் ஒரே ஒரு பெட்டி வாங்கினான். வாசனை மட்டும் பிடிக்கட்டும் என்று தனக்குத்தானே சாக்குச் சொல்லிக்கொண்டான். மெதிங் பெட்டியைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள். ஓரத்தை ஒடித்தாள். "சொல்லு" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக ஐந்து மாதம் காத்திருந்தவன் போல செல்மோ பேச ஆரம்பித்தான். அவன் பேசப் பேச, கதை நின்றுவிடுமோ என்று அவளும் தின்றுகொண்டே இருந்தாள். ஒரு முழுத் துண்டு.

அரைமணி நேரத்தில் அவள் முகம் வெளுத்தது. நெஞ்சு படபடத்து, ஜில்லென்று வேர்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே சுருண்டுவிட்டாள். செல்மோ ஈரத் துணியோடு பக்கத்தில் மண்டியிட்டு, தெரிந்த புனிதர்களையெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். இரண்டு மணி நேரம் கழித்துத்தான் அடங்கியது.

"ஏன் மெதிங் தின்ன? வேணாம்னு சொல்லியிருக்கலாமே."

"நீ ரொம்ப நாள் கழிச்சுப் பேசின. எப்படி நிறுத்தறது?"

அதோடு அவன் அடை வாங்குவதை விட்டான். தோயாங்கிடம் காரணம் சொல்ல வாய் வரவில்லை. தோயாங்கிடம் சொன்னால் நாகாவுக்கு பஸ் போய்ச் சேருவதற்குள் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். சான் பாப்லோவில் நிற்கும்போது ஸ்டியரிங்கை விட்டு இறங்காமல், பக்கவாட்டுக் கண்ணாடியில் ஏதோ முக்கியமான காரியம் இருப்பதுபோல் அதையே பார்த்துக்கொண்டிருப்பான். துடைப்பமும் நின்றது. வாழ்க்கையில் முதல் தடவையாக வெறுங்கையோடு வீட்டுக்குப் போனான். ஒருநாள் இல்லை ஒருநாள் மெதிங் கேட்டில் வந்து நிற்பதை நிறுத்திவிடுவாள் என்ற பயம் அவனுக்கு வந்தது அப்போதுதான். எதற்காக நிற்க வேண்டும்? கையில்தான் ஒன்றுமில்லையே.

ஆகஸ்டில் அவளே வாயைத் திறந்தாள்.

"நீ இப்பல்லாம் பேசறதே இல்ல."

"பேசிக்கிட்டுதானே இருக்கேன்."

"பஸ் போச்சு, பஸ் வந்துச்சு. இதுக்குப் பேரு பேச்சா?" கைத்தசை தளர்ந்து தொங்குவதைச் சட்டைக்குள் இழுத்து மறைத்துக்கொண்டு கேட்டாள். "என்னைப் பாத்தா யாரோ மாதிரி இருக்கா உனக்கு? சொல்லிடு. எனக்கே கண்ணாடியில பாத்தா யாரோ மாதிரிதான் இருக்கு."

அப்படியில்லை, கையில் ஒன்றுமில்லாமல் எனக்கு நாக்கு எழவில்லை என்று சொல்லத்தான் நினைத்தான். ஆனால் கழுதை, வாயில் வந்தது வேறு.

"வேற ஏதாச்சும் வாங்கிட்டு வரட்டுமா? பாய், கீய்?"

மெதிங் எழுந்து உள்ளே போனாள். தான் சொன்னது எவ்வளவு அபத்தம் என்று அவனுக்கு உடனே தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய?

செப்டம்பரில் மணிலாவில் பரிசோதனை. வேனுக்குச் சொல்லட்டுமா என்று செல்மோ கேட்டான். "உன் பஸ்ஸுல வரேன்" என்றாள் மெதிங்.

அவன் பஸ் ஓட்ட வந்த புதிதில் ஒரே ஒரு தடவை அவள் அவனுடைய பஸ்ஸில் ஏறியிருக்கிறாள். இரண்டு சீட்டுக் கைப்பிடிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டுவிட்டாள். இரண்டு பேர் பிடித்து இழுக்க வேண்டியதாயிற்று. பின்னாலிருந்து ஒருவன், "டிரைவர், முன் டயருக்குக் காத்து அடிச்சுக்கோ" என்றான். பஸ்ஸே சிரித்தது. கண்ணாடியில் அவள் முகத்தை செல்மோ பார்த்தான். பஸ் கிளம்புமுன்பே அவள் இறங்கிவிட்டாள். அதற்குப் பிறகு அவள் ஏறவில்லை, அவனும் கூப்பிடவில்லை. அவன் இருபத்திரண்டு வருடம் கதையாகச் சொன்ன ரோட்டை அவள் பார்த்ததே இல்லை.

காலை பஸ்ஸில் முதல் வரிசை ஜன்னலோர சீட்டில் அவளை உட்கார வைத்தான். அவள் மெதுவாக, இன்னும் நம்பிக்கையில்லாமல், இடுப்பை இறக்கினாள். உட்கார்ந்துவிட்டாள். இடுப்புக்கும் கைப்பிடிக்கும் நடுவில் கையை நுழைத்துப் பார்த்தாள். உள்ளங்கை முழுசாகப் போனது. அந்த இடைவெளியிலேயே கையை வைத்துக்கொண்டாள்.

அப்புறம்தான் மேலே பார்த்தாள். டிரைவர் கண்ணாடிக்குப் பக்கத்தில், குழந்தை இயேசு சிலையை ஒட்டி, ஒரு படம் பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டியிருந்தது. மகள் கல்யாணத்தில் எடுத்தது. கையில் தட்டோடு, முன்பல் சந்து தெரிய, இரண்டு கன்னமும் குலுங்கச் சிரிக்கிற பழைய மெதிங். அவள் அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

டாக்டர் எல்லாம் நன்றாயிருக்கிறது என்று சொல்லி அனுப்பினார். மறுநாள் காலையிலேயே திரும்பும் பஸ். போகும்போது பஸ் சான் பாப்லோவில் நிற்பதில்லை, திரும்பும்போது நின்றாக வேண்டும்.

"ரொதெல், இன்னிக்கு இங்க நிறுத்த வேணாம். நேரா கண்டெலாரியாவுக்கு விட்டுரலாம்" என்றான் கண்டக்டரிடம்.

ரொதெலுக்கு ஐம்பது வயது. பதினைந்து வருடமாக செல்மோவோடு ஓடுகிறவன். "மனோய் அண்ணே, பத்துப் பேர் ஒண்ணுக்கு வருதுன்னு நெளியுறாங்க. நிறுத்தல, அப்புறம் பஸ்ஸை நீதான் கழுவணும்" என்றான்.

நிறுத்தினான். கதவு திறந்ததும் அலிங் தோயாங்கே தட்டோடு ஏறினாள். அறுபத்தைந்து வயதுக்காரி, குரல் பஸ் ஹாரனைத் தோற்கடிக்கும்.

"அடடே, செல்மோவா? மூணு மாசமா என் கடைப் பக்கம் கழுத்தே திரும்பலையே, சுளுக்கோன்னு நினைச்சேன்." அவள் கண் முதல் வரிசைக்குப் போனது. ஜன்னலோரம் கன்னம் ஒட்டிப்போன ஒருத்தி, டிரைவரின் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, டிரைவரின் தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு. "இது யாரு?"

"என் பொண்டாட்டி" என்றான் செல்மோ.

"கூசாம சொல்றான் பாரு." தோயாங் தட்டை என்ஜின் மூடிமேல் டொக்கென்று வைத்தாள். "மேல அந்த மகராசி சிரிச்சிக்கிட்டு இருக்கா. அவ படத்துக்கு அடியிலேயே இவளைக் கொண்டாந்து உக்கார வச்சிருக்க. படத்தையாச்சும் கழட்டக் கூடாதாடா? குழந்தை இயேசு வேற பாத்துக்கிட்டு இருக்காரு."

ஒண்ணுக்கு இறங்க எழுந்தவர்கள்கூட உட்கார்ந்துவிட்டார்கள். செல்மோ ரொதெலைப் பார்த்தான். விஷயம் முழுசும் தெரிந்த அந்தப் பாவி டிக்கெட் கட்டைப் புரட்டிக்கொண்டு நின்றான்.

"அலிங் தோயாங், நான் சொல்றதை..."

"நீ பேசாத." தோயாங் மெதிங் பக்கம் திரும்பிக் குரலைக் கொஞ்சம் தாழ்த்தினாள். "தங்கச்சி, உன்மேல குத்தம் சொல்லல. உனக்கு என்ன சொல்லிக் கூட்டிட்டு வந்தானோ. இவனுக்கு வீட்டுல ஒருத்தி இருக்கா, தெரியுமா உனக்கு?"

செல்மோ வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு கை வந்து அவன் தோளை அழுத்தியது.

"தெரியாது" என்றாள் மெதிங். "சொல்லுங்க."

"முட்டி வலிக்காரி. மழை பெஞ்சா எந்திரிக்க மாட்டா. மழை நாள்ல இவன் அடையோட எங்கிட்ட இஞ்சி கேட்டு வாங்கிட்டுப் போவான், பத்துப் போட. அவளுக்கு ஓரம்தான் உசுரு. ஓரம் செவந்திருக்கான்னு பத்துப் பொட்டியைத் திறந்து பாத்துத்தான் ரெண்டு எடுப்பான். ஒரு தடவை எல்லாம் ஓரம் ஒடஞ்சு போச்சு. அடுத்த அடுப்பு வேகற வரைக்கும் பஸ்ஸை நிறுத்தி வச்சுட்டு என் கடை ஸ்டூல்ல உக்காந்துட்டான். ஜனம் கத்துது, ஹாரனை அழுத்துது. இவன் அசையலையே."

"அது நெசம்தான். நானும் அந்த பஸ்ஸுல இருந்தேன்" என்றார் நாலாவது வரிசையில் ஒரு வயதான வாத்தியாரம்மா. "அன்னிக்கு ஒரு சாவுக்குப் போக வேண்டியது. அடக்கமே முடிஞ்சு போச்சு."

"அப்புறம்?" என்றாள் மெதிங். செல்மோவின் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை.

"அப்புறம் என்ன. ஜனவரியில ஒருநாள் வந்து எதுவும் வாங்காம நின்னான். என்னடான்னேன். அவளுக்காக வேண்டிக்கோங்கன்னான். என்ன, ஏதுன்னு சொல்லல, கண்ணு மட்டும் கலங்குது. நான் ஒன்பது நாள் மெழுகுவத்தி ஏத்தினேன். படத்துல மட்டும் பாத்த பொம்பளைக்கு. அதுக்கப்புறம் அவளால சாப்பிட முடியலேன்னான். ஜூன்ல ஒரு பொட்டி வாங்கினான். அதோட சரி, மூஞ்சியைக் காட்டல. இருக்காளா, போயிட்டாளான்னுகூட எனக்குத் தெரியல." தோயாங் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "இருந்தா இது துரோகம். போயிருந்தா இன்னும் வருஷம்கூடத் திரும்பல. எப்படிப் பாத்தாலும் இவனுக்கு என் கடையில அடை கிடையாது."

மெதிங் எழுந்தாள். கை நீட்டி மேலேயிருந்த படத்தை மெதுவாகப் பிய்த்து எடுத்து, தன் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. அப்படியே சிரித்தாள். முன்பல் சந்து தெரிந்தது.

தோயாங் படத்தைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள்.

"வயித்தைச் சுருக்கிட்டாங்க அக்கா" என்றாள் மெதிங். "அவ்வளவுதான். நான் எங்கேயும் போகல."

தோயாங் தோளில் கிடந்த துண்டை உருவி செல்மோவின் தலையிலும் முதுகிலும் நாலு சாத்து சாத்தினாள். "சொல்றதுக்கு என்னடா உனக்கு? வாயில கொழுக்கட்டையா? ஒன்பது நாள் மெழுகுவத்தி..." பிறகு மெதிங்கைக் கட்டிக்கொண்டு, அவள் தோளை, கையை, கன்னத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். "எங்கடி போச்சு எல்லாம்? நான் செஞ்சு குடுத்ததுடி அவ்வளவும்." பின்னால் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். வாத்தியாரம்மா, தான் முதலிலேயே நினைத்ததாகச் சொன்னார்.

தோயாங் இறங்கிப் போய், அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த அடை ஒன்றைக் கொண்டுவந்தாள். ஆவி பறந்தது. செல்மோ பதறி எழுந்தான். "வேணாம். அவளுக்கு ஆகாது."

"ஒரு ஸ்பூன் ஆகும். டாக்டரே சொல்லியிருக்காரு" என்றாள் மெதிங். கைப்பையிலிருந்து தன் சின்ன ஸ்பூனை எடுத்தாள். ஓரத்தில் ஒரு விரல்நகம் அளவு ஒடித்தாள். வாயில் போட்டு மெல்ல ஆரம்பித்தாள். முப்பது தடவை. ரொதெல் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். ஒரு பஸ் ஜனமும் ஒருத்தி மெல்லுவதைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தது.

"எப்படி இருக்கு?" என்றாள் தோயாங்.

மெதிங் செல்மோவைப் பார்த்துச் சொன்னாள். "சூடா இருக்கு. இருபத்திரண்டு வருஷமா எனக்கு ஆறு மணி நேரம் ஆறினதுதானே வந்துச்சு. இது இப்படி இருக்கும்னு எனக்குத் தெரியவே தெரியாது."

மிச்சத்தைப் பயணிகளுக்குக் கொடுக்கச் சொன்னாள். படத்தைத் திருப்பி அதே இடத்தில் ஒட்ட முயன்றாள், பசை போய்விட்டது. செல்மோ அதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வண்டியை எடுத்தான். அட்டிமோனன் வளைவுகளில் அவள் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு, "இங்கதானே அந்த சிஸ்டர் ஜெபமாலையை எடுத்தாங்க?" என்று கேட்டாள். "இன்னும் ரெண்டு வளைவு தள்ளி" என்றான். வழி முழுக்க அப்படியே கேட்டுக்கொண்டு வந்தாள்.

சாயங்காலம் வீட்டு கேட்டுக்கு வந்ததும் செல்மோவின் கால் தானாக நின்றது.

"என்ன?"

"கையில ஒண்ணும் இல்ல மெதிங்."

"எங்கிட்ட இருக்கு. வா" என்றாள்.

அவள் வழக்கமாக உட்காருகிற நாற்காலியில் அவனை உட்கார வைத்தாள். பக்கத்து வீட்டுக்காரி ஆக்கி வைத்திருந்த சோற்றையும், தேங்காய்ப்பாலில் மிளகாய் போட்ட மீனையும் அவன் முன்னால் வைத்தாள். தனக்கு ஒரு சாஸரில் மூன்று ஸ்பூன் மீன். எதிரில் உட்கார்ந்தாள்.

"இன்னிக்கு பஸ்ஸுல என்ன நடந்துச்சு தெரியுமா?" என்றாள்.

அந்த பஸ்ஸை ஓட்டிக்கொண்டு வந்தவன் அவன். "தெரியாது. சொல்லு" என்றான்.

அவள் சொல்ல ஆரம்பித்தாள். விடியற்காலையில் மணிலா பஸ் ஸ்டாண்டில் பக்கத்தில் வந்து உட்கார்ந்த பெண் செருப்பைக் கால் மாற்றிப் போட்டிருந்ததிலிருந்து ஆரம்பித்தாள். ஒவ்வொரு வாய்க்கும் நடுவே முப்பது தடவை மென்றதால் கதை நின்று நின்று நகர்ந்தது. செல்மோ தட்டைக் காலி செய்துவிட்டு, கையைக் கழுவப் போகாமல் அப்படியே உட்கார்ந்திருந்தான். அவள் கதையில் பஸ் இன்னும் சான் பாப்லோவுக்கு வந்து சேரவில்லை.